சத்தம் போடாத பெட்டி

குளிரைப் பற்றி எனக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில், உறைந்த மீனும் இறாலும் அடுக்கி வைக்கிற குளிர்க் களஞ்சியம் ஒன்றில், ஓய்வு பெறும்வரை, வாழ்க்கையின் பாதியைக் கழித்தேன். அதற்கு முன் உணவகங்களின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். அதற்கும் முன், மீசை சரியாக முளைக்காத வயதில், கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் மெல்லிய சேர்ட் ஒன்றுடன் மாசி மாதத்தில் வந்து இறங்கினேன். ஆகவே குளிர் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. பிடிக்காவிட்டாலும் நன்றாகத் தெரியும்.

குளிர் மட்டுமல்ல, நடேசனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருப்பதாக என் வாயிலிருந்து எவரும் கேட்டதில்லை. முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய், மகளுக்கு எந்தப் படிப்பு, கோயில் தேரை எந்தத் தெருவால் இழுப்பது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். கேட்கிற ஆட்கள் குறைவு. அதனால் கேட்காமலே சொல்லிவிடுவேன்.

என் மனைவியின் பெயர் சுந்தரேஸ்வரி. வீட்டில் ஈஸ்வரி. என்னைக் கலியாணம் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்கு முதல் ஜெர்மன் சொற்களைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நான் அந்தப் பாஷையைப் பொறுக்கிய இடம் உணவகத்துக் குசினி. அங்கே சமையற்காரர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்களோ, அதுதான் எனக்கும் வந்தது. கீழ்வீட்டு அம்மா ஒருநாள் கதவைத் திறந்து பிடித்தபோது, நன்றி என்று நினைத்து ஈஸ்வரி ஒரு சொல்லைச் சொன்னாள். அந்த அம்மா நெடுங்காலம் எங்களுக்கு முகம் தரவில்லை. அடுத்த கிழமையே ஈஸ்வரி மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்தவள் நிறுத்தவில்லை. இன்றைக்கு அவள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். அகதி விசாரணை, வழக்கு, ஆஸ்பத்திரி என்று தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவே இருந்து கதைப்பதுதான் அவளுடைய தொழில். என்னுடையது இன்னமும் குசினி ஜெர்மன். கேட்டால் எல்லாம் விளங்கும், வாயைத் திறந்தால் சட்டி உருளும்.

மொழிபெயர்க்க வாயும் காதும் போதும் என்று நினைப்பீர்கள். முழங்காலும் வேண்டும். ஒரு நாள் ப்ரேமன், மறுநாள் கீல், அதற்கடுத்த நாள் பெயர் தெரியாத ஏதோ சிற்றூரில் விசாரணை. ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுது என்று கடதாசி ஒட்டியிருக்கும். ஈஸ்வரியின் வலது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய்விட்டது என்று வைத்தியர் படம் காட்டி விளக்கினார். முழங்காலுக்கு ஒரு கை, கைப்பிடிக்கு ஒரு கை என்றுதான் படி ஏறுவாள். வீட்டுக்கு வந்து காலை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே வீடியோ மூலம் மொழிபெயர்க்க ஆள் தேடுவதாகத் தெரிய வந்தது. ஈஸ்வரி விண்ணப்பித்தாள். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் தூசுறிஞ்சியும் வைக்கிற சின்னச் சேமிப்பறை ஒன்று உண்டு. அதை வெறுமையாக்கி, சுவரில் கம்பளிப் போர்வை தொங்கவிட்டு, ஒரு மேசையைப் போட்டோம். லிசா என்ற பெண் திரையில் வந்து ஒலிச் சோதனை செய்தாள். ஈஸ்வரி இரண்டு வசனம் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் லிசா நெற்றியைச் சுருக்கினாள். பக்கத்தில் யாராவது தலைமயிர் உலர்த்துகிறார்களா என்று மரியாதையாகக் கேட்டாள்.

"இல்லை, அது லாப்டொப்!" என்று ஈஸ்வரியின் தோளுக்கு மேலால் நான் பதில் சொன்னேன்.

எங்கள் பழைய லாப்டொப்புக்கு வீடியோ என்றால் மூச்சு வாங்கும். உள்ளே இருக்கிற சின்ன விசிறி கத்தத் தொடங்கிவிடும். மொழிபெயர்ப்பாளரின் பக்கத்திலிருந்து சத்தம் வரவே கூடாது, ஒரு சொல் பிசகினால் ஒரு மனிதரின் வழக்கே பிசகிவிடும் என்று லிசா விளக்கினாள். இன்னொரு ரெர்மின், அதாவது சந்திப்புக்கு ஒரு நாள், தருகிறேன், அதில் ஒலியையும் பார்ப்போம், மாதிரி விசாரணை ஒன்றும் வைப்போம், அத்தோடு முடிவு என்றாள்.

அன்று ஈஸ்வரி தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு சொன்னாள். "இதுவும் சரிவரேல்லையெண்டா நான் இந்த வேலையை விடத்தான் வேணும். இனி ரயிலுக்குப் பின்னாலை ஓட எனக்கு ஏலாது."

அவள் அந்த வேலையை எவ்வளவு நேசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்டுக்கும் யோசிக்காதையும். சத்தமே போடாத கொம்பியூட்டர் ஒண்டு நான் செய்து தாறன்" என்றேன்.

"புதுசா ஒரு லாப்டொப் வாங்கினால் காணாதோ?"

காணாது என்பதற்கு நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் இன்னும் முடிக்கவில்லை என்று கையைக் காட்டினேன்.

கணினி கட்டுவதென்றால் யூட்டைக் கேட்க வேண்டும். யூட் எங்கள் களஞ்சியத்துக் காரியாலயத்தில் வேலை செய்கிறவன். இங்கேயே வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்ததும் கணினிகளைக் கழற்றிப் பூட்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. சேமிப்பறை மேசை சின்னது என்பதால், சப்பாத்துப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியைத் தெரிவு செய்திருக்கிறேன் என்று அவனுக்குச் சொன்னேன்.

"சரி நடேசண்ணை. அப்ப முதல்ல ஒரு கேள்வி. தண்ணியோ, காத்தோ?"

தொலைபேசி உரத்துப் பேசும் நிலையில் இருந்தது. ஈஸ்வரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தண்ணி என்ற சொல்லை என்னோடு சேர்த்து யாராவது உச்சரித்தால் அவளுக்கு வேறு ஞாபகங்கள் வரும்.

"கொம்பியூட்டருக்கு" என்று அவளுக்குச் சொன்னேன்.

விஷயம் இதுதான். கணினியின் மூளை வேலை செய்யும்போது சுடும். அந்தச் சூட்டை எடுக்க இரண்டு வழி. ஒன்று, அதன் தலையில் உலோகத் தகடுகளை வைத்து விசிறியால் காற்றடிப்பது. மற்றது, தலையில் ஒரு சின்னப் பம்பைப் பூட்டி, குழாய் வழியாகத் திரவத்தை ஓடவிட்டு, வேறோரிடத்தில் இருக்கிற ரேடியேற்றருக்குச் சூட்டைக் கொண்டுபோவது. இணையத்தில் இதற்காக அடிபடுகிறார்கள். தேர் இழுக்கிற தெருவுக்காக எங்கள் கோயில் நிர்வாகசபை இரண்டாக உடைந்தபோது நான் பார்த்த அதே கோபம், அதே நீளமான கடிதங்கள். நான் அவற்றை வாசித்து வாசித்துத் தண்ணீர்க் கட்சியில் சேர்ந்தேன்.

காரணம் கேட்டால் அறிவுபூர்வமாக எதையாவது சொல்லியிருப்பேன். உண்மை வேறு. என் சின்னப் பெட்டிக்குள் உயரம் காணாது. அதற்குள் அடங்கக்கூடிய காற்றுக் குளிரூட்டியோ, சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பரிதாபமான சாமான். தண்ணீர்க் குளிரூட்டியோ கறுப்புக் குழாய்களும் ஒளிரும் வட்டமுமாக விமானத்திலிருந்து கழற்றியது போல இருந்தது. கண்டதும் மயங்கிவிட்டேன்.

"அண்ணை, தண்ணி சூட்டைக் குடிச்சுப்போட்டுச் சும்மா இருக்காது" என்றான் யூட். "தூக்கிக்கொண்டு போய் ரேடியேற்றரிலை இறக்கும். அங்கையும் விசிறி வேணும். தண்ணியை ஓட்டப் பம்பும் வேணும். ஒரு சத்தத்துக்கு ரெண்டு சத்தம்."

"நீ காத்துக் கட்சி. அப்பிடித்தான் சொல்லுவாய்."

"நான் ஒரு கட்சியும் இல்லை. பெரிய பெட்டி, கடும் வேலையெண்டா நானே தண்ணி போடச் சொல்லுவன். இது அக்கா கதைக்கிறதுக்கு."

குளிர்க் களஞ்சியத்தில் எனக்கிருந்த அனுபவத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சாமான்கள் வந்தன. மூளையென்று வாங்கியதும் சாமானியமானது அல்ல. விளையாட்டுக்காரர்கள் பூட்டுகிற, கொதிக்கிற வகை. கலியாணம் என்றால் பெரிய மண்டபமாக எடுப்பதுதானே எங்கள் வழக்கம். குசினி மேசையில் பழைய துணி விரித்து வேலையைத் தொடங்கினேன். குழாய்கள் என் சொல் கேட்க மறுத்தன. ஒன்றை மடக்கினால் மற்றது எழும்பியது. ரேடியேற்றரை வைக்க மேலே இடமில்லை, ஆகவே அடியில் பூட்டினேன். கடைசித் திருகாணியை முறுக்கி முடித்தபோது, தேர்முட்டியில் நின்று சனத்தைப் பார்க்கிற தர்மகர்த்தா மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

பொத்தானை அமத்தினேன். களக், களக், களக் என்றது.

ஈஸ்வரி சேமிப்பறைக்குள் போய்த் தன் குரலைப் பதிவு செய்து, ஹெட்போனைப் போட்டுக் கேட்டாள். "ஆரோ எனக்குப் பின்னாலை நிண்டு சோடா குடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

யூட்டுக்குப் படம் அனுப்பினேன். அவன் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். "ரேடியேற்றரைக் கீழை வைச்சுப் பம்பை மேலை வைச்சிருக்கிறியள். உள்ளுக்கை நிக்கிற காத்து எங்கை போகும் அண்ணை? மேலைதானே. பம்புக்குள்ளை போய்க் குந்தியிருக்கு."

தண்ணீர்க் கட்சிக்குள் காற்று புகுந்து கவிழ்த்துவிட்டது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். களக் நின்றது. வெற்றி என்று அறிவித்தேன். ஈஸ்வரி மறுபடி ஹெட்போனைப் போட்டாள்.

"இன்னும் கேக்குது. ஙீ எண்டு, நுளம்பு மாதிரி."

"எனக்குக் கேக்கேல்லை."

"எனக்குக் கேக்குது."

அவளுக்கு ஏன் அந்தச் சத்தம் கேட்க முடியாது என்பதை நான் கொஞ்ச நேரம் விளக்கினேன். களஞ்சியத்து இயந்திரங்களுக்கு நடுவே இருந்து என் காது மரத்துப்போனது உண்மைதான். ஆனால் அதை அந்த நேரம் ஒப்புக்கொள்ள என் வாய் வளையவில்லை. அவள் பதிவைத் திரையில் ஓடவிட்டு, தான் பேசாத இடத்திலும் நெளிந்துகொண்டிருந்த கோட்டைக் காட்டினாள். பம்பின் சத்தம். அது நிற்கவே நிற்காது.

அப்போதுதான் என் வாழ்க்கையின் சிறந்த யோசனைகளில் ஒன்று எனக்கு உதித்தது. தண்ணீரால் குளிர்கிற சாமானுக்குக் காற்று எதற்கு? பெட்டியை அலுமாரிக்குள் வைத்துக் கதவை இறுக்கிச் சாத்தினால் பம்பென்ன, பேயென்ன, ஒன்றும் வெளியே கேட்காது. வைத்தேன். சாத்தினேன். உண்மையாகவே அமைதி. ஈஸ்வரி முதற்தரம் தலையை ஆட்டினாள். அவள் ஒரு பக்கம் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருக்க, அலுமாரிக்குள் ஏதோ உறுமத் தொடங்கியது. உறுமல் ஊளையாகி, ஊளை உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது. திரை கறுத்துவிட்டது. கதவைத் திறந்தேன், அப்பம் வேகிற அடுப்பைத் திறந்தது போல வெக்கை முகத்தில் அடித்தது.

யூட் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் களஞ்சியத்திலை இருக்கேக்கை பனிக்காலத்திலை எங்கை நிண்டு சிகரெட் குடிச்சனீங்கள்?"

"பின்பக்கம். பெரிய விசிறியளுக்குப் பக்கத்திலை."

"ஏன் அங்கை?"

"அங்கைதானே சூடான காத்து வரும்."

சொல்லிவிட்டுத்தான் எனக்கு விளங்கியது. மீனிலிருந்து எடுத்த சூடு முழுவதையும் அந்த விசிறிகள்தான் வெளியே கொட்டிக்கொண்டிருந்தன. அத்தனை பனிக்காலமும் அதில் கை காய்ச்சியிருக்கிறேன். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறதென்று ஒருநாளும் யோசித்ததில்லை. குளிரின் சொந்தக்காரனாம் நான்.

மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் படிக்கிற மகள் ஆதிரையும் அன்று அழைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அப்பா, அம்மா கேம் விளையாடப் போறாவோ?"

"இல்லை."

"அப்ப ஏன் இவ்வளவு சூடான புரொசெசர்? சூட்டை எப்பிடி எடுக்கிறதெண்டு சண்டை பிடிக்காமல் சூட்டையே குறையுங்கோவன். செட்டிங்ஸிலை அதின்ரை சக்தியைக் குறைச்சு விடலாம். பிறகு அந்தச் சின்ன விசிறியே காணும்."

இதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்தாள், நல்லவேளை குசினி ஜெர்மன் இல்லை.

யூட் வந்தான். மீன் ரோல்ஸ் கொண்டுவந்தான். தண்ணீர்க் குளிரூட்டியைக் கழற்றி, குழாய்களைச் சுற்றி, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினோம். கவிழ்த்த சோற்றுக் கோப்பையை நானே கையால் பூட்டினேன். கட்சி மாறுவது எப்படியிருக்கும் என்று எங்கள் நிர்வாகசபையில் சிலரிடம் கேட்க நினைத்ததுண்டு, இனிக் கேட்கத் தேவையில்லை. ஆதிரை சொன்னபடி சக்தியைக் குறைத்தோம், விசிறியை மெதுவாகச் சுழல விட்டோம், காற்று போய்வர இரண்டு பக்கமும் இடம் விட்டு மேசையில் வைத்தோம். அலுமாரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஈஸ்வரி பதிவு செய்தாள். ஹெட்போனைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். யூட் ரோல்ஸைக் கடித்தபடியே மெல்லாமல் நின்றான்.

"ஒண்டும் இல்லை" என்றாள். "ஒரு சத்தமும் இல்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனேன்.

ரெர்மின் நாளன்று காலை அவள் சேலை கட்டவில்லை, சாம்பல் நிறக் கோட் போட்டாள். நெற்றியில் மெல்லிய திருநீறு. சேமிப்பறை வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ, நீங்கள் கொஞ்சம் வெளியிலை போட்டு வாங்கோவன்" என்றாள்.

"பெட்டிக்கு ஏதும் நடந்தா? ஆர் பாக்கிறது?"

"ஒண்டும் நடக்காது."

"உமக்குத் தெரியாது, நான் நிக்கிறன். குசினியிலை இருக்கிறன், மூச்சும் விடமாட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். நான் குசினியில் போய் உட்கார்ந்தேன், உண்மையாகவே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துக்கு அப்பால் மனம் கேட்கவில்லை. விசிறி உறுமத் தொடங்கிவிட்டதோ? திரை கறுத்துவிட்டதோ? சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு போய் சேமிப்பறைக் கதவில் காதை வைத்தேன். பெட்டியின் சத்தம் இல்லை. ஈஸ்வரியின் குரல் மட்டும் கேட்டது. அவள் ஹெட்போனில் கேட்பதால் மற்றவர்கள் பேசுவது வெளியே வராது.

அது நான் வீட்டில் கேட்கிற குரல் அல்ல. நிதானமான, நேரான, ஜெர்மன் செய்தி வாசிக்கிறவரின் குரல். அந்தக் குரல் சொன்னது: "என் கணவர் என்னைக் கதைக்க விடுவதில்லை. என்னிடம் யாராவது ஏதாவது கேட்டால் அவர்தான் பதில் சொல்வார். எனக்கு என்ன தெரியும் என்றுகூட அவருக்குத் தெரியாது."

சோதனை முடிந்துவிட்டது, இவள் லிசாவிடம் என்னைப் பற்றிக் குறை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரியிடம். அதுவும் நான் செய்து கொடுத்த கணினியில் இருந்துகொண்டு. கோபமும் வெட்கமும் ஒன்றாக ஏறின. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கதவைப் பார்த்து உரத்த குரலில் தமிழில் கேட்டேன்.

"இஞ்சாரும், நான் எப்ப உம்மைக் கதைக்க விடேல்லை?"

அடுத்து, அதே நேரான ஜெர்மனில், ஈஸ்வரியின் குரல்: "நான் எப்போது உன்னைக் கதைக்க விடவில்லை?"

அவள் என்னை மொழிபெயர்த்துவிட்டாள். என் குரலில் இருந்த எரிச்சல்கூடக் குறையாமல் அப்படியே. அதைத் தொடர்ந்து அவள், "குறுக்கிட்ட குரல் மொழிபெயர்ப்பாளரின் கணவருடையது. விசாரணைக்கு அதில் சம்பந்தம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்" என்றாள்.

சட்டியில் இருக்கிற நண்டு மாதிரி நான் பக்கவாட்டில் குசினிக்கு நகர்ந்தேன். நான் கேட்டது மாதிரி விசாரணையில் வந்த ஒரு பெண்ணின் வாக்குமூலம். அவர்களுடைய தொழில் முறை அதுதான் என்று பிறகு அறிந்தேன். வாக்குமூலம் தருகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்பார். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால்தான் 'மொழிபெயர்ப்பாளர்' என்று மூன்றாம் ஆளைப் போலச் சொல்வார். முன்பு என்னுடைய அகதி விசாரணையில் மொழிபெயர்த்த மனிதர் 'இவர் இப்படிச் சொல்றார், அவர் அப்படிச் சொல்றார்' என்றுதான் ஓட்டினார். அதுதான் முறை என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். மொழிபெயர்ப்பாளரோடு ஒரே வீட்டில் இருந்தும் அவள் வேலையை எப்படிச் செய்கிறாள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கதவு திறக்கும்வரை சமையல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய வேலையை நானே கெடுத்துவிட்டேன் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. மறுபடியும் அந்த ரயில் நிலையப் படிகள், சுவரைப் பார்த்த முகம். ஈஸ்வரி வந்து கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருந்தபோது லிசா தொலைபேசியில் அழைத்தாள். ஈஸ்வரி அதை மேசையில் வைத்து உரத்துப் பேசும் நிலையில் விட்டாள். நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

தெரிவாகிவிட்டீர்கள் என்றாள் லிசா. குறுக்கீடு வந்தபோது பதறாமல் அதையும் மொழிபெயர்த்த விதம் தங்களுக்குப் பிடித்திருந்ததாம். ஒலியும் அருமை என்றாள். இவ்வளவு அமைதியான பக்கம் தாங்கள் கண்டதே இல்லையாம். கதவுக்கு வெளியே நின்று ஒருவர் பேசியது ஒவ்வோர் எழுத்தாகத் துல்லியமாகக் கேட்டதாம். பழைய லாப்டொப்பின் இரைச்சல் இருந்திருந்தால் என் குரல் அதில் அமுங்கிப் போயிருக்கும். அதை நானேதான் பாடுபட்டு நீக்கியிருந்தேன்.

ஒரு நிபந்தனை உண்டு என்று லிசா தொடர்ந்தாள். உண்மையான விசாரணைகள் இரகசியமானவை, ஆகவே வேலை நேரத்தில் வீட்டுக்குள் வேறு எவரும் இருக்கக் கூடாது. ஈஸ்வரி என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அது ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள்.

அவளை ரயிலிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டவன், இனி அவள் வேலை செய்கிற நாட்களிலெல்லாம் எஸ்-பான் ரயிலில் ஏறி, பிரதான நிலையத்தில் இறங்கி, தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன். அதற்காக எனக்குத் துக்கமில்லை. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டேன்.

"அண்டைக்கு அந்த மனுசி சொன்னது, மனுசன் கதைக்க விடுறேல்லை எண்டு. அது அவையள் சோதனைக்கெண்டு எழுதி வைச்ச கதைதானே?"

"ஓம். எழுதி வைச்ச கதைதான்."

எனக்கு மூச்சு வந்தது. ஈஸ்வரி கரண்டியால் பருப்பைக் கிண்டினாள்.

"கன வசனங்களுக்கு ஜெர்மனிலை சரியான சொல்லைத் தேட வேண்டியிருந்தது" என்றாள். "அந்த வசனத்துக்கு மட்டும் ஒண்டும் தேட வேண்டி வரேல்லை."

பதில் ஒன்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.